காட்டுக்கொட்டாய்க்குத் துப்பாக்கி காவல் ஆகாது

"கையில ஒரு துப்பாக்கி இருந்திருந்தா அந்தப் பெரியவங்க செத்திருக்க மாட்டாங்க." சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் இந்தப் பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. சூரமங்கலம் உழவர் சந்தையில் காய் இறக்க வரும் விவசாயி சொல்கிறார். ஜங்ஷன் எதிரே டீ குடிக்க நிற்பவர் சொல்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் தோட்டத்து வீடுகளுக்கும் காட்டுக்கொட்டாய்களுக்கும் அரசு தாராளமாகத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பது வெளிப்படையான கோரிக்கையாகவே எழுந்துவிட்டது. யாராவது மறுத்தால், "உங்க அப்பா அம்மாவுக்கு இப்படி நடந்தா அப்பவும் இதையே பேசுவீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். பேசுவேன். என் அப்பா அம்மா காட்டில் தனியாகக் குடியிருந்தால், அந்த வீட்டுக்குள் துப்பாக்கி நுழையாமல் தடுக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடு ஒன்றில் தகப்பன், தாய், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் சிவகிரி அருகே தோட்டத்தில் குடியிருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. அதே மே மாதம், நம் சூரமங்கலம் காவல் நிலைய எல்லைக்குள், ஜாகீர் அம்மாபாளையத்தில் மளிகைக்கடை வைத்திருந்த முதிய தம்பதி பட்டப்பகலில் நகைக்காகக் கொல்லப்பட்டார்கள். பவுன் விலை ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். பண்ணையத்தையும் மாட்டையும் விட்டு வர மனமில்லாத பெரியவர்கள் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதில் எனக்கும் துப்பாக்கி கேட்பவர்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. துப்பாக்கி அந்தப் பாதுகாப்பைத் தரும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கொலை நடந்த விதத்தைப் பார்ப்போம். ஜாகீர் அம்மாபாளையத்தில் கொலை நடந்த இடம் கடை. கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வர வேண்டும், அதுதான் பிழைப்பு. கொன்றவனின் கையில் இருந்தது சுத்தியல். பீடி கேட்டும் பால் பாக்கெட் கேட்டும் வந்து நிற்கிற ஒவ்வொருவர் மேலும் துப்பாக்கியை நீட்டியபடி ஒரு முதியவர் மளிகைக்கடை நடத்த முடியுமா? மேஜைக்குள் வைத்திருந்தாலும், திரும்பிப் பருப்பு எடுக்கும் நேரத்தில் பின்மண்டையில் விழும் அடிக்கு மேஜைக்குள் இருக்கும் துப்பாக்கி என்ன செய்யும்? அந்த வழக்கில் சிசிடிவி பதிவை வைத்து போலீஸ் விரைவிலேயே ஆளைப் பிடித்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் வைப்போம்.

பல்லடத்தில் இறந்த மூவரில் ஒருவர் நடுவயதுக்காரர், உடலில் தெம்புள்ளவர். வயதானவர்கள் என்பதால்தான் தற்காத்துக்கொள்ள முடியவில்லை என்ற விளக்கம் அங்கே பொருந்தாது. இருட்டில் மறைந்து நின்று முதலில் அடிப்பவனுக்கே எப்போதும் சாதகம். அவன் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறான், இடத்தைத் தேர்ந்தெடுக்கிறான், பல நாள் நோட்டம் பார்த்து வருகிறான். வீட்டுக்காரருக்குக் கிடைப்பது தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி.

துப்பாக்கி இருந்தும் பலனில்லாமல் போன கதை வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். 2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காகப் போலீஸிடம் ஒப்படைத்திருந்ததை ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றுவிட்டார் என்று போலீஸே சொன்னது. தன் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அறிந்த மனிதர், சுற்றிலும் ஆட்களோடு இருந்தவர், உடல் வலு உள்ளவர். உணவு டெலிவரி செய்யும் ஆட்களைப் போல உடை போட்டுக்கொண்டு வந்த கும்பல் அரிவாளால் காரியத்தை முடித்துவிட்டுப் போய்விட்டது. அவருக்கு உதவாத துப்பாக்கி, கண்புரை அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு உதவும் என்று எந்தத் துணிவில் சொல்கிறார்கள்?

துப்பாக்கியை வீட்டில் எப்படி வைத்திருப்பது என்று கேட்டால் இந்தக் கோரிக்கையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியை லைசென்ஸ் கேட்பவரிடம் எழுதி வாங்கச் சொல்கின்றன. நியாயமான விதி. பள்ளிக்கூடம் விட்டால் பேரன் பேத்திகள் ஓடிவருகிற வீட்டில் பூட்டாமல் வைக்க முடியாது. ஆனால் பூட்டிய பீரோவுக்குள், குண்டு நீக்கி வைத்த ரிவால்வர், நடுராத்திரியில் கதவை உடைத்து வருகிறவனைத் தடுக்காது. அவனைத் தடுக்க வேண்டுமென்றால் குண்டு போட்டபடி தலையணைக்கடியில் இருக்க வேண்டும். தலையணைக்கடியில் இருந்தால் மே மாத விடுமுறையில் அது ஆறு வயதுக் குழந்தையின் கைக்குப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. காட்டுக்கொட்டாய் விவசாயிக்குக் கிடைப்பது அரிது. சட்டமன்றம், மக்களவை, உள்ளாட்சி என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வாரக்கணக்கில் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கும். அது ஊருக்கே தெரியும், நோட்டம் பார்க்கிறவனுக்கும் தெரியும்.

இரவில் காட்டில் யார் நடமாடுகிறார்கள் என்று விவசாயம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் மோட்டார் போட முடியும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஒருவர் வருவார். அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர், மடை மாற்ற வருகிறார். கன்று ஈன முடியாமல் மாடு தவித்தால் உதவிக்கு ஆள் ஓடிவரும். விடிகாலை மூன்று மணிக்குக் கோழிப்பண்ணைக்கு லோடு ஏற்ற வண்டி வரும். பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கிய மகன், அப்பாவை எழுப்ப வேண்டாமென்று சத்தமில்லாமல் கேட்டைத் திறப்பான். அச்சத்தில் விழித்திருக்கும் மங்கலான கண்ணுக்கும் நடுங்கும் விரலுக்கும் இவர்களில் யார் திருடன்? நாய் குரைத்தால் எழுந்து லைட் போட்டு "யாரது?" என்று கேட்கிற வழக்கம்தான் இத்தனை காலம் நம் காடுகளில் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கையில் துப்பாக்கி வந்தால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகும்.

பயிற்சி பெற்றவர் கையில் இருந்தால் இப்படி நடக்காது என்பார்கள். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். அங்கிருந்து பாய்ந்த குண்டு, வெகுதூரம் தள்ளித் தன் தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் இறங்கியது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அது முறைப்படி அமைந்த தளம், கற்ற கைகள், மேற்பார்வை செய்ய அதிகாரிகள். 2011 ஜூலை 3 அன்று சென்னை தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்பில் பாதாம் பழம் பொறுக்கப் போன பதின்மூன்று வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்றவர், ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல். வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கியோடு பழகியவர். சுட்டுவிட்டு ரைஃபிளைக் கூவத்தில் எறிந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தப் பையன் திருட வந்தவனும் இல்லை, கொல்ல வந்தவனும் இல்லை. சுவர் ஏறிக் குதித்த ஏழைச் சிறுவன். நம் மாந்தோப்பிலும் கொய்யாத் தோட்டத்திலும் இப்படிக் குதிக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?

தமிழ்நாட்டில் மிகவும் பேசப்பட்ட துப்பாக்கிச் சூடு எது என்று யாரைக் கேட்டாலும் 1967 ஜனவரி 12 என்றுதான் சொல்வார்கள். ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட நாள். இருவரும் நெடுங்காலம் சேர்ந்து நடித்தவர்கள். சுவர் ஏறி யாரும் வரவில்லை. வாசல் வழியாக வந்த விருந்தாளி, உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நடந்தது. கழுத்தில் பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் குரலைக் கடைசிவரை மாற்றிவிட்டது. டெல்லியில் 1999இல் ஒரு மது விருந்தில், கேட்ட மது கிடைக்கவில்லை என்பதற்காக ஜெசிகா லால் கொல்லப்பட்டார். கொன்றவரிடம் இருந்த கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. அரிவாளை எடுக்க உள்ளே போகிறவன் திரும்பி வருவதற்குள் அம்மா குறுக்கே விழுவாள், மனைவி கையைப் பிடிப்பாள், பக்கத்து வீட்டார் ஓடிவருவார்கள். விரலை அசைத்தால் போதும் என்ற நிலையில் யாரும் குறுக்கே விழ நேரம் இல்லை. வரப்புத் தகராறு, கிணற்று முறைத் தகராறு, பாகப்பிரிவினை, குடித்துவிட்டு வரும் மகனுக்கும் தகப்பனுக்கும் நடக்கும் சண்டை என்று நம் ஊர்க் காவல் நிலையங்களில் பதிவாகும் அடிதடிகளில் எத்தனை வீட்டுக்குள்ளேயே தொடங்குகின்றன என்று எந்த ஏட்டையாவைக் கேட்டாலும் சொல்வார்.

லைசென்ஸ் துப்பாக்கியால் குற்றம் நடப்பது குறைவு, கள்ளத் துப்பாக்கியால்தான் அதிகம் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் மிகப் பெரும்பகுதி லைசென்ஸ் இல்லாத ஆயுதங்களால்தான் நடக்கிறது என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஆனால் இந்த இரண்டும் வேறு வேறு உலகங்கள் அல்ல. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 முடிவில் நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.7 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. மக்கள் தொகையில் உத்தரப் பிரதேசம் நம்மைப்போல மூன்று மடங்குகூட இல்லை. லைசென்ஸில் ஐம்பது மடங்குக்கும் மேல். நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவர்கள் அஞ்சுவார்கள் என்பது உண்மையானால், உத்தரப் பிரதேசம் நாட்டிலேயே அமைதியான மாநிலமாக இருந்திருக்க வேண்டும். அங்கேதான் நாட்டுத் துப்பாக்கிப் பட்டறைகளும் மலிந்து கிடக்கின்றன. கல்யாண ஊர்வலத்தில் மகிழ்ச்சிக்காகச் சுட்டு ஆள் சாகும் செய்தி வட இந்தியாவில் திரும்பத் திரும்ப வந்ததால், 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி அப்படிச் சுடுவதற்கென்றே இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை வைக்க வேண்டியிருந்தது. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் அந்த ஊர்கள் வழியாக இரவு பகலாகப் போய்வருகிறவர்கள். நம் சாலையில் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவது பாதுகாப்பா, அங்கே தூங்குவது பாதுகாப்பா என்று அவர்களைக் கேளுங்கள்.

லைசென்ஸ் தகுதியானவர்களுக்கு மட்டுமே போகும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் லைசென்ஸ்கள் தகுதியற்றவர்களுக்கு வழங்கப்பட்டதாக சிபிஐ குற்றம் சாட்டியது. மாவட்ட ஆட்சியர் பதவியில் இருந்தவர்களே விசாரணைக்கு உள்ளானார்கள். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் நம் மக்கள் எத்தனை படி ஏறி இறங்குகிறார்கள் என்பது தெரிந்த பிறகும், துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் நேர்மையாகத் தகுதி பார்த்து வழங்கப்படும் என்று எப்படி நம்புவது?

இந்தப் பேச்சில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி எல்லோருக்கும் கிடைக்காது. 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தபோது அதன் விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். வெள்ளிப் பட்டறைக் கூலிக்காரரும் தறி ஓட்டுகிறவரும் செங்கல் சூளைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய பொருள் இல்லை அது. நிலம் உள்ளவர், பணம் உள்ளவர், ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீஸிலும் சொல் செல்லுபடியாகிறவர் வாங்குவார். ஒரு ஊரில் ஒரு சாதியாரிடம் துப்பாக்கி இருந்து, அவர்கள் நிலத்தில் வேலை செய்யும் சாதியாரிடம் இல்லாதபோது அந்த ஊரில் என்ன நடக்கும் என்பதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்தது. கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களின் தெருவுக்குள் மிராசுதார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். சுட்டார்கள். ஒதுங்க ஒரு குடிசைக்குள் ஓடிய 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், அந்தக் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். ஓடினவர்களைக் குடிசைக்குள் விரட்டியதில் துப்பாக்கிக்குப் பங்கு உண்டு.

அது தஞ்சைத் தரணியின் பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2023இல் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பகுதியில் ஆடு மேய்க்கப் போன ஒரு பெண் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் வெல்ல ஆலைகளின் கொட்டகைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வாழையும் பாக்கு மரமும் வெட்டிச் சாய்க்கப்பட்டன. வடமாநிலத் தொழிலாளி ஒருவர் தீக்காயத்தோடு போராடி இறந்தார். ஊரே இரவில் விழித்திருந்த, யார் மேலும் யாருக்கும் நம்பிக்கையில்லாத அந்த மாதங்களில், அங்கே வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்? பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகளை 1995இல் எழுதியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறிந்த இடங்களில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத லைசென்ஸைத் தேவைப்பட்டால் ரத்து செய்ய அந்த விதிகளில் இடம் இருக்கிறது. அதே விதிகள், தேவையென்றால் பாதிக்கப்படும் மக்களுக்கு லைசென்ஸ் தரவும் வழி செய்கின்றன; ஒடுக்கப்பட்டவர்கள் கையில் ஆயுதம் வந்தால்தான் சமநிலை வரும் என்று வாதிடும் நண்பர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரு பக்கமும் துப்பாக்கி ஏந்திய கிராமத்தில் கூலிக்காரர் சுட்டால் அன்றே சிறைக்குப் போவார். நிலக்காரர் சுட்டால் வழக்கு இருபது வருஷம் நடக்கும். கீழ்வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. அந்தச் சமநிலை ஒருநாளும் வராது.

துப்பாக்கி வைத்திருப்பவரையே அது கொல்லும் விதம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். கடன், நோய், தனிமை, குடும்பச் சண்டை என்று மனம் உடைகிற அந்தச் சிறிது நேரத்தைக் கடந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள், பிறகு பல ஆண்டுகள் வாழவும் செய்கிறார்கள். இலங்கையில் ஒரு காலத்தில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாக அந்த அரசு தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே போனது. கைக்கெட்டும் தூரத்தில் கொல்லும் பொருள் இல்லாமல் செய்ததே அங்கே உயிர்களைக் காத்தது. துப்பாக்கி பெரும்பாலும் இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. தனிமையில் வாடும் முதியவர்களின் வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோய் வைக்கச் சொல்பவர்கள் இதை ஒருமுறையாவது எண்ணிப் பார்த்தார்களா?

அமெரிக்காவைச் சொல்லிவிட்டதால் அங்கிருந்து வரும் வாதத்துக்கும் பதில் சொல்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் பெரும்பாலான பெரியவர்கள் பெர்மிட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே நடமாடலாம். அதே டெக்சாஸில், 2022 மே 24 அன்று, யுவால்டி ஊரின் தொடக்கப் பள்ளிக்குள் ஒரு இளைஞன் நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். துப்பாக்கி ஏந்திய 376 அதிகாரிகள் அந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வகுப்பறைக்குள் நுழையாமல் தாழ்வாரத்திலும் வெளியிலும் நின்றார்கள். நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் போதும் என்ற கூற்று அந்தத் தாழ்வாரத்திலேயே பொய்யாகிவிட்டது. பிரிட்டனில் 1996 மார்ச்சில் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட மறு ஆண்டே தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேரை இழந்த ஆஸ்திரேலியா ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. ஆஸ்திரேலியாவிலும் ஆளில்லாப் பண்ணை வீடுகள் உண்டு, நம்முடையதைவிடத் தூரம் தூரமாக.

வரலாற்றிலிருந்தும் ஒரு வாதம் எடுத்துவருவார்கள்: வெள்ளைக்காரன்தான் 1878 ஆயுதச் சட்டத்தால் நம்மை நிராயுதபாணிகளாக்கினான், காந்தியே அதைக் கண்டித்தார் என்று. கண்டித்தார், உண்மை. 1918இல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கக் கேடா மாவட்டத்தில் அவர் அலைந்தபோது வெளியிட்ட துண்டறிக்கையில் அது இருக்கிறது. ஐரோப்பியனுக்கு விலக்கு, இந்தியனுக்கு மட்டும் தடை என்ற இழிவை எதிர்த்த பேச்சு அது. சுதந்திர இந்தியா என்ன முடிவு செய்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, விதிகளுக்கு உட்பட்டு, இடம்பெற்றிருந்தது. அதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எந்த வரம்பும் இல்லாமல் எல்லோருக்கும் ஆயுத உரிமையைத் திறந்துவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல என்றார். சபை திருத்தத்தை நிராகரித்தது. நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்குத் தருவது, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல் இங்கே ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை அல்ல என்று நினைவூட்டியது. தற்காப்பு உரிமை வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் முழுமையாக இருக்கிறது. உயிரைக் காத்துக்கொள்ளத் தடியையோ அரிவாளையோ எடுப்பதற்கு யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

அப்படியானால் பெரியவர்களை எது காக்கும்? சிவகிரி வழக்கை மறுபடி பாருங்கள். பிள்ளைகள் போன் செய்து, நாட்கணக்கில் யாரும் எடுக்காமல் போன பிறகே கொலை நடந்தது வெளியே தெரிந்தது. அந்த நாட்களில் ஒரு பீட் போலீஸ்காரரோ பால் சொசைட்டி ஆளோ தினம் ஒருமுறை அந்தக் கேட்டருகே போய்க் குரல் கொடுக்கும் ஏற்பாடு இருந்திருந்தால்? அதே வழக்கில் கைதானவர்களே பல்லடத்து மூவரையும் கொன்றவர்கள் என்று பிறகு போலீஸ் அறிவித்தது. பல்லடம் வழக்கு உரிய நேரத்தில் துப்புத் துலங்கியிருந்தால் சிவகிரித் தம்பதி இன்று உயிரோடு இருப்பார்கள். அங்கே தோற்றது புலனாய்வு. அந்த வழக்கில் நகையை உருக்கிக் கொடுத்ததாக ஒரு நகைத் தொழிலாளியும் கைதானார். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். கொள்ளையடித்த தாலிக்கொடியைத் தாலிக்கொடியாக யாரும் விற்க முடியாது. உருக்க ஒரு பட்டறை வேண்டும், கேள்வி கேட்காமல் வாங்க ஒரு கை வேண்டும். சேலத்தைப்போல் தங்கமும் வெள்ளியும் புழங்கும் ஊரில், பில் இல்லாத பழைய நகையை உருக்குவதைக் கண்காணித்து, திருட்டு நகை வாங்குகிறவரைக் கடுமையாகத் தண்டித்தால் பாதிக் கொள்ளை அங்கேயே நின்றுபோகும். ஆயிரம் காட்டுக்கொட்டாய்களுக்கு ஆயிரம் ரிவால்வர் கொடுப்பதைவிட அது எளிது, செலவும் குறைவு.

துப்பாக்கி லைசென்ஸ் கேட்பதால் அரசுக்கு ஒரு வசதியும் கிடைக்கிறது. லைசென்ஸ் கொடுத்துவிட்டால், அதன் பிறகு காப்பது உன் பொறுப்பு என்று அது கை கழுவிவிடலாம். ரோந்து போகாத ஜீப்புக்கும், நிரப்பாத பணியிடத்துக்கும், எரியாத தெருவிளக்குக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வரி கட்டுகிறவன் தன் காவலையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் காவல்துறை எதற்கு?

ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் துப்பாக்கி கேட்டு மனு எழுதி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு மனு எழுதுங்கள். உங்கள் ஊரில் தனியாக இருக்கும் வீடுகளையும் அங்கே வாழும் முதியவர்களையும் காவல் நிலையம் கணக்கெடுத்து, பீட் போலீஸ் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கேளுங்கள். ஊர் எல்லையிலும் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்திலும் கேமரா கேளுங்கள். மும்முனை மின்சாரத்தைப் பகலில் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பவுனை வங்கி லாக்கருக்குக் கொண்டுபோய் வையுங்கள், வைத்துவிட்டோம் என்று ஊரறியச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் போய்ப் பார்க்க ஒரு பக்கத்து வீட்டாரைச் சொல்லி வையுங்கள்.